ஏழு நாள் சைக்கிளும் இருபத்தோரு நாள் சைக்கிளும்

நான் அஞ்சாவதோ ஆறாவதோ படிக்கும்போது எங்க ஊருக்கு ஏழு நாள் சைக்கிள் ஓட்டுறவரு வந்தாரு. காவேரிப்பட்டணத்துல இருந்து உள்ள தள்ளி இருக்குற ஊரு, ஸ்கூல் கிரவுண்ட விட்டா வேற இடம் கிடையாது, அது நடுவுல ஒரு கம்பம் நட்டு சுத்தி ட்யூப்லைட் கட்டி குழாய் ஸ்பீக்கர்ல பாட்டப் போட்டுட்டு அந்த மனுசன் கீழ கால் வைக்காம சுத்திக்கிட்டே இருப்பாரு. குளிக்கிறது சைக்கிள் மேல, சாப்புடுறது சைக்கிள் மேல, சேவிங் கூட சைக்கிள் மேலதான். மொத நாள் ஊரே அங்க நின்னுச்சு. மூணாவது நாள் பாத்தா நாலு கெழவிங்களும் ரெண்டு நாயும்தான். எங்க ஆயா மட்டும் தெனமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம் வெத்தலப் பைய எடுத்துக்கிட்டு கெளம்பிடும். "ஒரே எடத்துல சுத்துறத என்னத்த போய் பாக்குற"ன்னு அம்மா கேட்டா, "அந்தப் புள்ள தூங்கிட்டான்னா?"ன்னு திருப்பிக் கேக்கும்.

முப்பது வருசம் கழிச்சு இப்ப ஜூலை மாசம் ஆனா நான் டிவி முன்னாடி உக்காந்து டூர் டி பிரான்ஸ் பாக்குறேன், வீட்ல எல்லாரும் அம்மா கேட்ட அதே கேள்விய கேக்குறாங்க. அஞ்சு மணி நேரம் சைக்கிள் போறத என்னத்த பாக்குற. இதுக்கு ஒரு வரில பதில் சொல்ல முடியாது, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முதல்ல இது என்ன ரேஸுன்னு சுருக்கமா சொல்லிடுறேன். மூணு வாரம், இருபத்தோரு நாள் ரேஸ், நடுவுல ரெண்டு நாள் ரெஸ்ட், மொத்தம் 3,300 - 3,400 கிலோமீட்டர் வாக்குல வரும். ஒரு டீமுக்கு எட்டு பேரு, இருபத்திரெண்டு இருபத்திமூணு டீமு. இதே மாதிரி மூணு வார ரேஸ் இத்தாலில மே மாசம் ஜீரோ டி இத்தாலியான்னு ஒண்ணு, ஸ்பெயின்ல ஆகஸ்ட் செப்டம்பர்ல வுவெல்டான்னு ஒண்ணு. இது போக ஒரே நாள்ல முடியிற ரேஸுங்க தனியா இருக்கு, இத்தாலில மிலான்-சான் ரெமோன்னு ஒரு ரேஸ்ல கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர ஒரே மூச்சுல ஓட்டுவானுங்க, நம்ம கிருஷ்ணகிரில இருந்து சென்னைக்கே அவ்ளோ தூரம் வராது.

நம்ம ஊருக்கு டைம் ரொம்ப தோதா அமைஞ்சிருக்கு, இத நெறைய பேரு கவனிக்கிறதில்ல. கோடைல பிரான்ஸுக்கும் நமக்கும் மூணரை மணி நேர வித்தியாசம், அங்க மதியம் ஒரு மணிக்கு மேல கெளம்புனா நமக்கு சாயங்காலம் நாலரை அஞ்சு, முடியிறப்ப நம்ம ராத்திரி ஒம்போது வாக்குல இருக்கும். அதாவது காப்பி குடிக்கும்போது ஆரம்பிச்சு சாப்பாட்டுத் தட்டோட முடியுது, ஃபுட்பால் மாதிரி நடுராத்திரி முழிச்சிருக்க வேண்டியதில்ல. எதுல பாக்குறதுங்குறதுதான் தொல்லை, ஒரு வருசம் சேனல்ல வரும், அடுத்த வருசம் ஆப்புக்குப் போயிடும், தெனம் ரீசார்ஜ் பண்ற பொழப்பு.

சரி, மாமா கதைக்கு வரேன். எங்க மாமா, அம்மாவோட தம்பி, பெங்களூர் சேலம் லைன்ல இருபத்தஞ்சு வருசம் லாரி ஓட்டுனவரு. இப்ப ஓட்டுறதில்ல, மாந்தோப்பு பாத்துக்குறாரு, சீசன்ல மாங்கூழ் ஃபேக்டரிக்கு லோடு அனுப்புறதோட சரி. 2024 ஜூன் கடைசில தோப்புல காய் பறிப்பு முடியிற நேரம், வீட்டுக்கு வந்தவரு நான் பாத்துட்டு இருந்தத பாத்து செருப்பக் கழட்டுறதுக்குள்ள கேட்டாரு, "ஏன்டா, இவனுங்க நூறு பேரும் ஒண்ணாவே போறானுங்களே, அப்பறம் என்னத்த ரேஸு?"

கேள்வி ரொம்ப சரியான கேள்வி. அதுக்கான பதிலும் அவருக்கே தெரியும், தெரியும்னு தெரியாது அவ்ளோதான். நான் கேட்டேன், "மாமா, காத்து எதுத்து அடிக்கும்போது லோடு வண்டிய ஓட்டுனா டீசல் எவ்ளோ குடிக்கும்?" அவரு முகத்துல லேசா ஒரு இது வந்துச்சு. லோடு வண்டி பின்னாடி ஒட்டிக்கிட்டே போனா காலி வண்டி பஞ்சு மாதிரி போகும்னு அவரே சொன்னாரு, ஒட்டிக்கிட்டுப் போயி முன்னாடி வண்டி பிரேக் அடிச்சதுல பம்பர் போன ஒரு ஆளு கதையும் கூடவே வந்துச்சு, அது இங்க வேணாம்.

விஷயம் அதுதான். சைக்கிள்ல நாப்பது கிலோமீட்டர் வேகத்துல சமதரைல போறப்ப மிதிக்கிற பலத்துல பெரும்பகுதி காத்தத் தள்ளுறதுக்கே போயிடுது. அதோட வேகம் ரெண்டு மடங்கானா காத்தத் தள்ள ரெண்டு மடங்கு பலம் பத்தாது, எட்டு மடங்கு வேணும். நம்ம ஸ்கூலுக்கு சைக்கிள்ல போனவனுக்கெல்லாம் இது ஒடம்புல தெரியும், எதிர்காத்துல ரெண்டு பேரு போனா ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் ஒளிஞ்சுக்குவோம், சண்டை வரும் யாரு முன்னாடின்னு. ஒருத்தன் பின்னாடி ஒட்டிப் போனாலே மூணுல ஒரு பங்கு மிச்சம். பெரிய கூட்டத்துக்கு நடுவுல போனா கணக்கே வேற, 2018ல நெதர்லாந்து ஐந்தோவென் யூனிவர்சிட்டில நூத்தி இருவத்தியொரு பேரு கூட்டத்த வச்சு காத்துக் கணக்கு போட்டுப் பாத்தாங்க, நடுவுல பின்பக்கமா பதுங்குனவனுக்கு தனியா போறவன் மேல அடிக்கிற காத்துல நூத்துக்கு அஞ்சுல இருந்து பத்து பங்குதான் அடிக்குது. அதாவது அவன் கிட்டத்தட்ட ஃப்ரீயா வரான்.

இத ஒருதரம் புரிஞ்சுக்கிட்டா அதுக்கப்பறம் அந்த அஞ்சு மணி நேரம் வேற மாதிரி தெரிய ஆரம்பிக்கும். படத்துல தெரியிறது ஒரு கூட்டம் ரோட்டுல போறது. நடக்குறது என்னன்னா யாரு காத்துல இருக்கான் யாரு ஒளிஞ்சிருக்கான்ங்குற கணக்கு. கூட்டத்துக்கு முன்னாடி ரெண்டு மணி நேரமா ஒரே டீம் ஆளுங்க இழுத்துக்கிட்டு வரானுங்கன்னா அந்த டீம் காசு செலவு பண்ணுதுன்னு அர்த்தம். கடைசி மலைல யாருகிட்ட சில்லறை பாக்கி இருக்கும்ங்குறது இங்க, எதுவுமே நடக்காத நேரத்துலதான் முடிவாகுது.

இந்த செலவு பண்ற ஆளுங்களுக்கு பிரெஞ்சுல டொமெஸ்டிக்னு பேரு, வேலைக்காரன்னு அர்த்தம், பட்டமே அப்படித்தான் வச்சிருக்கானுங்க. இவன் வேலை தன்னோட லீடருக்கு காத்த மறைக்கிறது, பின்னாடி டீம் காருக்குப் போயி ஏழெட்டு தண்ணி பாட்டில பனியனுக்குள்ள சொருகிக்கிட்டு மறுபடி கூட்டத்த புடிச்சு எல்லாருக்கும் குடுக்குறது, லீடர் டயர் பஞ்சர் ஆனா தன் வீலையே கழட்டிக் குடுக்குறது. பாட்டில் சொருகுன முதுகோட ஒருத்தன் வரத டிவில காட்டும்போது பாருங்க, கல்யாண வீட்ல சோடா கேஸ் தூக்குற பையன் மாதிரியே இருப்பான். ஜெயிக்கிறவனுக்கு 5 லட்சம் யூரோ பரிசு, ஆனா அத அவன் தனியா எடுத்துக்குறது வழக்கமில்ல, டீம் ஆளுங்களுக்குப் பிரிச்சுக் குடுத்துடணும்.

அடுத்து மாமா கேட்டது, "அப்ப அந்த முன்னாடி நாலு பேரு போறானே, அவனுங்க பைத்தியமா?" தெனமும் ஆரம்பத்துலயே கொஞ்ச பேரு கூட்டத்த விட்டு தப்பிச்சு முன்னாடி ஓடுவானுங்க. நாலு பேரு மாத்தி மாத்தி காத்து வாங்கிக்கிட்டு 150 கிலோமீட்டர் போவானுங்க, பின்னாடி நூத்தி எழுவது பேரு மாத்திக்க இருக்கானுங்க, சமதரைல முக்காவாசி நாள் ஃபினிஷுக்கு அஞ்சு பத்து கிலோமீட்டர் இருக்கும்போது புடிச்சுடுவானுங்க. இதுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு, ராபர்ட் ஷபாத்னு முன்னாடி ரேஸ் ஓட்டி அப்பறம் பிரெஞ்சு டிவில கமெண்ட்ரி சொன்னவரு வச்சது: கூட்டம் மனசு வச்சா பத்து கிலோமீட்டருக்கு ஒரு நிமிசம் புடிக்கும். அதனால இருபது கிலோமீட்டர் பாக்கி இருக்குறப்ப முன்னாடி போறவனுக்கு ரெண்டு நிமிசத்துக்கு மேல இருந்தா அவனுக்கு சான்ஸ், கம்மியா இருந்தா அவன் கதை முடிஞ்சுது. நான் இந்தக் கணக்க வச்சுத்தான் எப்ப பால் வாங்கப் போறதுன்னு முடிவு பண்றேன்.

புடிபடுவோம்னு தெரிஞ்சும் ஏன் போறானுங்க? காரணம் டிவிதான். இந்த விளையாட்டுக்கு ஸ்டேடியம் கிடையாது, ரோட்டோரம் நின்னு பாக்குறவன்கிட்ட டிக்கெட் வாங்க முடியாது. டிவி உரிமைப் பணம் ரேஸ் நடத்துற கம்பெனிக்குப் போகுது, டீமு பொழைக்கிறது பனியன்ல பேரு போடுற கம்பெனி குடுக்குற காசுல. டீமுக்கு பெரும்பாலும் ஊரு பேரு கூட இருக்காது, கடன் குடுக்குற கம்பெனி பேரு, சூப்பர் மார்க்கெட் பேரு, சாஃப்ட்வேர் கம்பெனி பேரு, லாட்டரி பேரு, இப்படித்தான் இருக்கும். நாலு பேரு மட்டும் முன்னாடி மூணு மணி நேரம் போனா கேமரா அவன் நெஞ்சத்தான் காட்டணும், வேற வழியில்ல. பஸ் பின்னாடி ஜவுளிக்கடை விளம்பரம் ஒட்டுறோம்ல, அது மிதிச்சுக்கிட்டே போனா எப்படி இருக்கும், அது.

இன்னும் கொஞ்சம் பின்னாடி போனா இந்த ரேஸே விளம்பரத்துக்குப் பொறந்ததுதான். 1903ல லாட்டோங்குற பத்திரிகை போட்டிப் பத்திரிகைய அடிச்சு சர்குலேஷன் ஏத்துறதுக்காக ஆரம்பிச்சது. யாராலயும் நாடு பூரா நின்னு பாக்க முடியாது, அப்ப மறுநாள் பேப்பர் வாங்கித்தான ஆகணும், அந்த ஐடியா. அந்தப் பத்திரிகை மஞ்சக் காகிதத்துல வந்துச்சு, அதனாலதான் 1919ல இருந்து மொத்தத்துல முன்னாடி இருக்குறவனுக்கு மஞ்ச பனியன். இத்தாலி ரேஸ 1909ல ஆரம்பிச்ச பத்திரிகை ரோஸ் காகிதம், அங்க பனியனும் ரோஸு. ஆக ஆரம்பத்துல இருந்தே இது கண்ணால பாக்குற விளையாட்டு இல்ல, யாராவது கதையா சொல்லிக் கேக்குற விளையாட்டு. எனக்கு இது புரிஞ்சப்பதான் ஒரு விஷயம் தட்டுப்பட்டுச்சு.

நம்ம பக்கம் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வைப்பாங்க. பதினெட்டு நாள். பகல்ல பாரதம் படிப்பாங்க, ராத்திரி கூத்து, விடிய விடிய. கதை எல்லாருக்கும் தெரியும், துரியோதனன் கடைசி நாள் படுகளத்துல விழப்போறான், அதுல ஒண்ணும் சஸ்பென்ஸ் இல்ல. ஆனாலும் பாய் போட்டு உக்காந்திருப்பாங்க. நடுவுல தூங்குவாங்க, டீ குடிப்பாங்க, பக்கத்துல இருக்குறவங்க மக கல்யாணத்தப் பத்தி பேசுவாங்க, மிருதங்கம் வேகம் எடுத்துச்சுன்னா சட்டுன்னு எழுந்து உக்காருவாங்க. யாரும் எழுப்ப வேணாம், சத்தம் மாறுனாலே முழிப்பு வந்துடும். கட்டியங்காரன் நடுநடுவுல வந்து கதைய சுருக்கிச் சொல்லுவான், தூங்குனவனுக்கு அதுவே போதும். நீளமான சைக்கிள் ரேஸ் டிவில பாக்குறது அச்சு அசல் இதுதான். முழுசா உத்துப் பாக்குறதுக்கு செஞ்சது இல்ல அது, கூடவே இருக்குறதுக்கு செஞ்சது. கமெண்டேட்டர் குரல் ஏறுனா தலையத் தூக்குனா போதும். பத்து நிமிச ஹைலைட்ஸ் பாத்துட்டு "பாத்துட்டேன்"னு சொல்றவன் படுகளத்தன்னிக்கு மட்டும் வந்து மொளகாப் பஜ்ஜி தின்னுட்டுப் போறவன் மாதிரி, தப்புன்னு சொல்லல, ஆனா அவனுக்கு அந்த அழுகை வராது.

டிவிக்காரங்களும் இத நல்லா புரிஞ்சு வச்சிருக்காங்க. ரோட்டுல மோட்டார் பைக், பின் சீட்டுல உக்காந்துக்கிட்டு, சில சமயம் திரும்பி நின்னுக்கிட்டு கேமராமேன். மேல ஹெலிகாப்டர். அதுக்கும் மேல விமானம் வட்டமடிச்சுக்கிட்டே இருக்கும், பைக் அனுப்புற சிக்னல வாங்கி ஃபினிஷ் லைன்கிட்ட நிக்குற வண்டிக்கு எறக்கி விடும், மலைக்கு நடுவுல டவர் கிடைக்காதுல்ல அதுக்காக. மேகம் மோசமா இருந்தா விமானம் பறக்க முடியாது, அன்னிக்கு படம் புள்ளி புள்ளியா உடைஞ்சு நின்னுடும், நான் கேபிள்காரர திட்டி போன் பண்ணியிருக்கேன், பாவம். ரேஸ்ல ஒண்ணும் இல்லாதப்ப ஹெலிகாப்டர் நேரா கோட்டை, சர்ச்சு, ஆறு, சூரியகாந்தி வயலுன்னு போயிடும். விவசாயிங்க டிராக்டர வட்டமா ஓட்டி வைக்கோல் கட்ட அடுக்கி வயல்லயே பெரிய சைக்கிள் படம் போட்டு வச்சிருப்பாங்க, கேமரா மேல போகும்ல அதுக்காக. 2017ல இருந்துதான் டூர்ல எல்லா நாளும் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் லைவ் காட்டுறாங்க, அதுக்கு முன்ன நெறைய நாள் பின்பாதி மட்டும்தான். முழுசா காட்டுறது நல்லதான்னு கேட்டா எனக்கே முழு சம்மதம் இல்ல, சில சமதரை நாளு மொத ரெண்டு மணி நேரம் உண்மையிலயே தூக்கம்தான், அதுல நான் பொய் சொல்ல மாட்டேன்.

டிவிங்குறது இதுல எவ்ளோ கலந்திருக்குன்னா, 2021 டூர் மொத நாள் ஒரு பொண்ணு தாத்தா பாட்டிக்கு வாழ்த்து சொல்லி அட்டை எழுதி ரோட்டுக்குள்ள நீட்டிக்கிட்டு நின்னுச்சு, மூஞ்சி கேமரா பைக் பக்கம், முதுகு வந்துக்கிட்டு இருந்த கூட்டத்து பக்கம். ஜெர்மனிக்காரன் டோனி மார்ட்டின் அட்டைல இடிச்சு விழ, பின்னாடி வந்த கூட்டமே சாஞ்சுது. கோர்ட்டுல 1,200 யூரோ ஃபைன் போட்டாங்க. எருது விடும்போது செல்ஃபி எடுக்க தடுப்புக்குள்ள எறங்குற நம்ம பசங்கள நெனச்சுக்கிட்டேன்.

எருது விடுறதுன்னதும் ஞாபகம் வருது, மாமாவுக்கு டைம் ட்ரையல புரிய வைக்க அதுதான் உதவுச்சு. சில நாள் கூட்டமா விட மாட்டானுங்க, ஒவ்வொருத்தனா விட்டு செகண்டு எண்ணுவானுங்க, நம்ம பக்கம் எருதுக்கு எண்ணுற மாதிரியே. அன்னிக்கு ஒளிய எடமில்ல, காத்து மொத்தமும் அவனவன் மூஞ்சில. 1989ல பிரெஞ்சுக்காரன் ஃபின்யோன் கடைசி நாளு 50 செகண்டு முன்னாடி இருந்தான், அன்னிக்கு பாரிஸ்ல 24.5 கிலோமீட்டர் டைம் ட்ரையல், அமெரிக்காக்காரன் கிரெக் லெமாண்ட் அத மொத்தமும் பிடிச்சு, மூணு வாரம் 3,285 கிலோமீட்டர் ஓட்டி முடிச்சப்ப 8 செகண்டுல ஜெயிச்சான். எட்டு செகண்டு. பொண்ணுங்க டூர்ல 2024ல இதவிட கம்மி, போலந்துக்காரி நியவியடோமா அல்ப் துவேஸ் மலை உச்சில 4 செகண்டுல ஜெயிச்சுது, அந்த ஞாயித்துக்கிழம நான் சத்தம் போட்டதுல பக்கத்து வீட்டுக்காரங்க கதவத் தட்டுனாங்க.

"இன்னிக்கு ஜெயிச்சவன் ஒருத்தன், மஞ்ச பனியன் இன்னொருத்தனுக்கா?" இது புதுசா பாக்குற எல்லாரும் கேக்குறது. தெனமும் ஆன நேரத்தக் கூட்டிக்கிட்டே வருவாங்க, மொத்த நேரம் யாருக்கு கம்மியோ அவனுக்கு மஞ்சள். கூட்டமா வந்து சேந்தா நூறு பேருக்கும் ஒரே நேரம்தான் எழுதுவாங்க. அதனால மஞ்ச பனியனுக்கு குறி வச்சவன் சமதரைல ஜெயிக்க வேண்டியதில்ல, விழாம வந்தா போதும். பச்சை பனியன் வேகமா ஃபினிஷ் பண்றவனுக்கு, வெள்ளைல செவப்புப் புள்ளி போட்டது மலைக்கு. ஒரே ரோட்டுல நாலஞ்சு ரேஸ் ஒரே நேரத்துல ஓடுது. 2024ல எரித்ரியாக்காரன் பினியம் கிர்மாய் மூணு நாள் ஜெயிச்சு பச்சைய வாங்குனான், ஆப்பிரிக்காவுல இருந்து ஒரு கறுப்பினத்தவன் டூர்ல ஒரு நாள் ஜெயிச்சதே அதான் மொத தடவை, மஞ்சளப் பத்தி அவனுக்கு கவலையே இல்ல.

மலைதான் மாமாவுக்குப் புடிச்சுது, வேற எப்படி இருக்கும். ஏத்தத்துல வேகம் இருவதுக்கு எறங்கிடும், காத்துக் கணக்கு சுருங்கிடும், ஒடம்போட எடைதான் எதிரி. ஒளிஞ்சு வந்தவனெல்லாம் ஒவ்வொருத்தனா உதிருவான். சும்மா சொல்லக்கூடாது, அல்ப் துவேஸ் 13.8 கிலோமீட்டர், இருபத்தோரு கொண்டை ஊசி வளைவு, நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏத்தம். வத்தல்மலை ஏறுனவங்களுக்கு கொஞ்சம் புரியும். ஆனா மாமா ஏத்தத்தவிட எறக்கத்ததான் கண்ணு எடுக்காம பாத்தாரு. எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் வேகம், நம்ம கட்டை விரல் அகலத்துக்கு டயரு. தொப்பூர் கணவாய்ல எத்தன வண்டி பிரேக் புடிக்காம போயி சாத்துச்சுன்னு அவருக்கு எண்ணி மாளாது, "டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுவான், அப்பறம் எங்க நிக்கும்"னு எப்பவும் சொல்ற அதே வசனத்த டிவியப் பாத்து சொன்னாரு. நான் சொன்னேன், இவனுங்களும் அப்படித்தான் மாமா, சீட்டுல இருந்து எறங்கி முன்னாடி கம்பி மேல குந்திக்கிட்டு தலைய ஹேண்டில்பார்ல வச்சு எறங்குவானுங்க, காத்து கம்மியா அடிக்கும், வேகம் மிச்சம், பசங்க பாத்து அதே மாதிரி செய்யிறாங்கன்னு 2021ல அத தடை பண்ணிட்டாங்க. "நியூட்ரலுக்குத் தடை"ன்னு அவரே பேரு வச்சுட்டாரு.

சாப்பாடு பத்தி ஒரு வார்த்தை. அஞ்சு மணி நேரம் இப்படி மிதிக்கிறவன் ஓட்டிக்கிட்டே சாப்புடணும், இல்லன்னா ஒடம்புல சர்க்கரை தீந்து சட்டுன்னு வண்டி நின்ன மாதிரி ஆயிடுவான். ஜெல்லு பவுடருன்னு இருந்தாலும் டீம் ஆளுங்க காலைல எழுந்து சோத்த குழைய வேகவச்சு இனிப்பு கலந்து அழுத்தி துண்டு போட்டு ஃபாயில்ல சுத்தி பாக்கெட்ல குடுப்பாங்க. ரைஸ் கேக்காம். சோத்து உருண்டைதான். நம்ம களி உருண்டைய கொண்டுபோய் குடுத்தா என்ன ஆகும்னு ஒரு விவாதம் எங்க வீட்ல ஓடுச்சு, தொண்டைல நிக்கும் முழுங்கத் தெரியணும்னு முடிவாச்சு. ஒண்ணுக்குப் போறதுக்கும் ஒரு மரியாதை இருக்கு, பெரிய தலைங்க ஓரமா ஒதுங்குனா அந்த நேரத்துல யாரும் முன்னாடி பிச்சுக்கிட்டு ஓடக்கூடாது, ரூல் புக்ல கிடையாது, ஆனா செஞ்சா ஊரே பேசும்.

ஊக்கத்துக்குப் போட்டுக்குற ஊசி மருந்து விஷயத்தக் கேக்காம விட மாட்டீங்க. லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்னு ஒரு அமெரிக்காக்காரன் டூர்ல 1999ல இருந்து 2005 வரைக்கும் வாங்குன ஏழு பட்டத்தையும் 2012ல புடுங்கிட்டாங்க, அந்த ஏழு வருசத்துக்கு ஜெயிச்சவன்னு யார் பேரும் இப்ப கிடையாது, வெறும் கோடு. நான் அவன் ரசிகனா இருந்தேன். அதுக்கப்பறம் யாராவது மலைல ரொம்ப லேசா பறந்தா கைதட்டிக்கிட்டே ஒரு மூலைல சந்தேகம் இருக்கத்தான் செய்யிது, அது போகாது, அதோடதான் பாக்குறேன்.

இப்ப அந்த 2024 மொத நாளுக்கே வரேன், ஜூன் 29, ஃபிளாரன்ஸ்ல இருந்து ரிமினி. டூர் இத்தாலில ஆரம்பிச்ச வருசம். வெயில்னா வெயில், ஏத்தம் மேல ஏத்தம். முன்னாடி ரொமெய்ன் பார்தேனு ஒரு பிரெஞ்சுக்காரன் டீம் கூட்டாளியோட தப்பிச்சுப் போயி கூட்டம் புடிக்கிறதுக்கு அஞ்சு செகண்டு முன்ன ஜெயிச்சு முதல்முறையா மஞ்ச பனியன் போட்டான், அது அவனோட கடைசி டூர் வேற. அழகான கதை. மாமா அத பாக்கவே இல்ல. நடுவுல ரெண்டு நிமிசம் பின்னாடி காட்டுனாங்க, மார்க் கேவண்டிஷ், முப்பத்தொம்போது வயசு, சைக்கிள் மேலயே வாந்தி எடுத்துக்கிட்டு வரான், டீம் பசங்க ரெண்டு மூணு பேரு கூடவே. மாமா பிடிச்சுக்கிட்டாரு. "யாருடா அவன்?"

சொன்னேன். டூர்ல 34 நாள் ஜெயிச்சு, எடி மெர்க்ஸுங்குற பெரிய மனுசன் ரெக்கார்டுக்கு சமமா நிக்குறான், ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சா ரெக்கார்டு இவனுக்கு, அதுக்காகவே ரிட்டயர் ஆகாம வந்திருக்கான். ஆனா சிக்கல் என்னன்னா ஜெயிச்சவன் நேரத்துக்கு மேல இவ்ளோ சதவீதம்னு ஒரு கெடு வச்சிருப்பாங்க, அதுக்குள்ள வரலன்னா மறுநாள் கிடையாது, வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மலை நாள்ல இவன மாதிரி சமதரை வேகக்காரனுங்க பின்னாடி ஒரு கும்பலா சேந்து கெடுவக் கணக்கு போட்டுக்கிட்டே வருவானுங்க, அது தனி ரேஸு, டிவில பெரும்பாலும் வராது. அதுக்கும் பின்னாடி, ரேஸ விட்டவன ஏத்திக்க ஒரு வேனு வரும், தொடப்பம் வண்டின்னே பேரு.

அதுக்கப்பறம் கேமரா முன்னாடிக்குப் போச்சு, பின்னாடி திரும்பவே இல்ல. பார்தே முடிச்சான், மால போட்டாங்க, பேட்டி எடுத்தாங்க. மாமா சாப்பிட்டு கெளம்பிட்டாரு. ராத்திரி பத்தரைக்கு போன் பண்றாரு. "டேய், அந்த வாந்தி எடுத்தவன் டைமுக்குள்ள வந்துட்டானா?" அரை மணி நேரத்துக்கு மேல பின்னாடி வந்தான் மாமா, ஆனா கெடுவுக்குள்ளன்னேன். வச்சுட்டாரு.

நாலு நாள் கழிச்சு ஜூலை 3, சான் வுல்பாஸ்னு ஒரு ஊரு, சமதரை. கடைசி கிலோமீட்டர் செவப்புக் கொடி தாண்டி கூட்டம் வலதும் இடதுமா அடிச்சுக்கிட்டு வருது, ஒருத்தன் முதுகுல இருந்து இன்னொருத்தன் முதுகுக்குத் தாவி கேவண்டிஷ் வெளிய வந்தான் பாருங்க, 35. நான் சோபா மேல ஏறிட்டேன். உடனே மாமாவுக்கு அடிச்சேன், மண்டில லோடு எடை போட்டுக்கிட்டு இருந்திருப்பாரு போல, ஒரே சத்தம். சொன்னதும் "ஆங், ஜெயிச்சுட்டானா"ன்னு மட்டும் சொல்லிட்டு கொஞ்ச நேரம் யாரையோ மூட்டைய தள்ளி வைக்கச் சொல்லி அதட்டிட்டு திரும்ப லைனுக்கு வந்து கேட்டாரு, "அன்னிக்கு அவன்கூட பின்னாடியே வந்தானுங்களே ரெண்டு மூணு பசங்க, அவனுங்க பேரு என்னடா?"